ஸ்போர்ட்ஸ் காருக்குச் சிந்தெற்றிக் ஒயில் தெரிவு செய்தல்: யாழ்ப்பாணத்தில் கார் வைத்திருப்பவருக்கான முழுமையான வழிகாட்டி

என்னிடம் இருப்பது 2013 ஆம் ஆண்டில் ஜப்பானில் பதிவாகி, பாவித்த காராக இங்கு வந்து சேர்ந்த ஒரு டொயோட்டா 86. அதற்கு முதல் தடவையாக ஒயில் மாற்றக் கொடுத்தபோது, கராஜில் இருந்த அண்ணை நான் கொண்டுபோன 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயில் கானைத் திறந்து, ஒரு துளியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தண்ணி மாதிரியெல்லோ கிடக்கு, எங்கட வெயிலுக்கு ருவென்ரி பிப்ரி விட்டால்தான் எஞ்சின் நிண்டுபிடிக்கும்" என்றார். அவர் சொன்னது 20டபிள்யூ-50 என்ற தடித்த ஒயிலை. முப்பது வருடங்களுக்கு மேலாக எஞ்சின் பிரித்துப் பூட்டிய கை அது. அந்த விரல்களில் இருந்த அறிவு பொய்யானதல்ல. ஆனால் அது ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலும் மொரிஸ் மைனரிலும் டொல்பின் வானிலும் பெற்ற அறிவு. நிமிடத்துக்கு 7,400 சுற்று வரை ஏறுவதற்கென்று செய்யப்பட்டு, பெயரிங்குக்கும் தண்டுக்கும் இடையில் தலைமயிரின் தடிப்பளவுகூட இடைவெளி விடப்படாத ஓர் எஞ்சினுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

வெயிலைப் பார்த்து ஒயில் வாங்குவதுதான் யாழ்ப்பாணத்தில் நான் காணும் முதல் பிழை. இரண்டாவது பிழை, கானின் முன்பக்கத்தில் அச்சிட்ட பந்தயக் காரின் படத்தைப் பார்த்து வாங்குவது. முதலில் காரின் கையேட்டையும், பிறகு உங்கள் எஞ்சினில் ஒயில் உண்மையில் எவ்வளவு சூடாகிறது என்பதையும், அதன் பிறகு கானின் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். எந்த நிறுவனத்தின் ஒயில் என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் பிறகே வரும். கீழே உள்ள படிகள் அந்த ஒழுங்கிலேயே செல்கின்றன.

முதற்படி: கையேட்டைத் தேடிப்பிடித்தல்

ரீகண்டிஷன் காராக வந்த பல ஸ்போர்ட்ஸ் கார்கள் கையேடு இல்லாமலே கைமாறுகின்றன. கையேடு இருந்தாலும் அது ஜப்பானிய மொழியில் இருக்கும் என்பதால் டாஷ்போட் பெட்டிக்குள் திறக்கப்படாமலே கிடக்கும். பொனற்றுக்குக் கீழே உள்ள தகட்டிலிருந்து மாதிரிக் குறியீட்டை எழுதிக்கொண்டு (என்னுடைய காருக்கு அது இசட்.என்.6) உற்பத்தியாளரின் ஜப்பானிய இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள், கையேடு கிடைத்ததும், பின்பகுதியில் உள்ள பராமரிப்பு அட்டவணைக்கு மேலே கைபேசிக் கமராவைப் பிடித்தால், மொழிபெயர்ப்புச் செயலி வேண்டிய அளவுக்கு வாசித்துச் சொல்லிவிடும்.

அங்கிருந்து எழுதிக்கொள்ள வேண்டியவை மூன்று. எந்தெந்தப் பிசுக்குமைத் (ஒயிலின் தடிப்புத்) தரங்கள் அனுமதிக்கப்பட்டுள்ளன, ஒயிலுக்கு என்ன தரச்சான்று கேட்கப்பட்டுள்ளது, பில்டரோடு சேர்த்து மாற்றும்போது எத்தனை லீற்றர் பிடிக்கும் என்பவையே அவை. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. என் காருக்கு ஐந்தரை லீற்றருக்கு அண்மையாகப் பிடிக்கும். ஜப்பானிய ஒயில் நான்கு லீற்றர் கானிலும், ஐரோப்பிய ஒயில் பெரும்பாலும் ஐந்து லீற்றர் கானிலும், அமெரிக்க ஒயில் 4.73 லீற்றர் கொண்ட ஐந்து குவாட் கானிலும் வருகின்றன. ஒரு கானோடு கராஜுக்குப் போய், ஒரு லீற்றர் குறையும்போது அங்கிருக்கும் பரலிலிருந்து எதையாவது எடுத்து ஊற்றி நிரப்பும் அவலம் அப்படித்தான் ஏற்படுகிறது.

அமெரிக்கக் கையேட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எரிபொருள் சிக்கனச் சட்டங்களின் நெருக்கடியினால் அங்கு மிக மெல்லிய தரம் ஒன்றை மட்டும் எழுதும் உற்பத்தியாளர்கள், அதே எஞ்சினுக்கு வேறு நாட்டில் இரண்டு மூன்று தரங்களை அனுமதிப்பதுண்டு. இதைக் காரணமாக வைத்து, மெல்லிய ஒயில் எல்லாம் ஏமாற்று என்று வாதிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த எஞ்சின்களின் ஒயில் பம்பும் இடைவெளிகளும் அந்த ஒயிலைக் கருத்தில் கொண்டே செய்யப்பட்டவை. அதே நேரத்தில், மிக வேகமாகவோ கடும் சுமையோடோ ஓட்டுவதாயின் கூடிய பிசுக்குமை பொருத்தமாக இருக்கலாம் என்று டொயோட்டாவின் கையேடுகளே ஒரு வரி சொல்கின்றன. எப்போது அந்த வரியைப் பயன்படுத்துவது என்பதற்கு மூன்றாம் படியில் வருகிறேன்.

இரண்டாம் படி: கானில் உள்ள இரண்டு எண்களை வாசித்தல்

5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கத்தின் எஸ்.ஏ.ஈ. ஜே300 என்ற அட்டவணையின்படி, எஞ்சினைச் சுழற்ற ஒயில் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பது 0டபிள்யூ ஒயிலுக்கு மறை 35 பாகை செல்சியஸிலும், 5டபிள்யூவுக்கு மறை 30 இலும், 10டபிள்யூவுக்கு மறை 25 இலும், 15டபிள்யூவுக்கு மறை 20 இலும் சோதிக்கப்படுகிறது. தை மாத விடியற்காலையில்கூட இருபது பாகைக்குக் கீழே இறங்குவது அரிதாக உள்ள எங்களுக்கு இந்த எண்ணால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானது, ஆனாலும் பயன் இருக்கிறது. ஒயில் வேலை செய்யும் வெப்பநிலை நூறு பாகையை அண்டியது என்பதால், எங்களுக்கு வியர்க்கும் முப்பது பாகையும் எஞ்சினுக்குக் குளிர்தான். வழமையான 5டபிள்யூ-40 ஒயில் ஒன்றின் பிசுக்குமை நூறு பாகையில் ஏறத்தாழ 14 சென்ரிஸ்ரோக்காக (பிசுக்குமையை அளக்கும் அலகு) இருக்க, நாற்பது பாகையில் அது 80 ஐத் தாண்டி நிற்கும். 20டபிள்யூ-50 மினரல் ஒயிலோ அதே நாற்பது பாகையில் 150 ஐயும் கடந்துவிடும். காலையில் கார் ஸ்ராட் ஆன முதல் சில விநாடிகளில் ஒயில் மேலே வால்வுகளை இயக்கும் கம்சாப்ற் வரை எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதில் இந்த வேறுபாடு தெரியும்.

இரண்டாவது எண்தான் சூட்டில் ஒயில் எப்படி நிற்கும் என்பதைச் சொல்கிறது. நூறு பாகையில் 6.9 முதல் 9.3 சென்ரிஸ்ரோக்குக்குள் இருந்தால் அது 20 தரம், 12.5 வரை 30, 16.3 வரை 40, 21.9 வரை 50; 26.1 வரை 60. ஒவ்வொரு தரமும் தனிப் புள்ளியல்ல, ஒரு பரப்பு என்பதைக் கவனியுங்கள். 30 தரத்தின் மேல் விளிம்பில் நிற்கும் ஒயிலுக்கும் 40 தரத்தின் கீழ் விளிம்பில் நிற்கும் ஒயிலுக்கும் இடையில் பெரிய வேறுபாடு இருக்காது.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் இவற்றோடு இன்னும் ஓர் எண்ணைத் தேட வேண்டும். எச்.ரி.எச்.எஸ். என்று குறிக்கப்படும் அது, 150 பாகையில், பெயரிங்குக்குள் நடப்பதைப் போன்ற கடுமையான நசுக்கலின்போது ஒயிற் படலத்தில் எவ்வளவு பிசுக்குமை எஞ்சுகிறது என்பதை அளக்கிறது. 20 தரத்துக்கு ஆகக் குறைந்தது 2.6, 30 தரத்துக்கு 2.9, 0டபிள்யூ முதல் 10டபிள்யூ வரையான 40 தரத்துக்கு 3.5, 50 தரத்துக்கு 3.7 இருக்க வேண்டும். இந்த எண் கானில் இராது. நிறுவனத்தின் இணையத்தளத்தில் உள்ள தரவுத் தாளில் பெரும்பாலும் இருக்கும். பெயரிங்கைக் காப்பாற்றுவது இந்த எண்தான் என்பதால், ஒரே தரத்தில் இரண்டு ஒயில்களில் ஒன்றைத் தெரிய வேண்டியிருந்தால், நான் விளம்பர வாசகங்களை விட்டுவிட்டு இதை ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

மூன்றாம் படி: உங்கள் ஒயிலின் சூட்டை அறிதல்

வெளியில் 34 பாகை எரிக்கும்போது எஞ்சினுக்குள்ளும் அதற்கேற்றபடி சூடு ஏறிவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கூலன்ரின் வெப்பநிலையைத் தேர்மோஸ்ராற்றும் ரேடியேற்றரும் ஓரளவு ஒரே இடத்தில் பிடித்து வைத்திருக்கின்றன. ஒயிலும் பெருமளவுக்கு அதைத் தொடர்ந்தே செல்கிறது. ஒயிலை உண்மையில் சூடாக்குவது, நீண்ட நேரம் உயர் சுற்றில் எஞ்சினை வைத்திருப்பதுதான். எங்கள் வீதிகளில் அதற்கு இடமெங்கே? நகருக்குள் 50, நகருக்கு வெளியே 70 கிலோமீற்றர் என்பது சட்டம். கோப்பாயிலிருந்து ஆஸ்பத்திரி வீதிக்குப் போய் வருவதில் நான்காவது கியருக்கு மேல் போவதே அரிது.

ஊகிப்பதைவிட அளப்பது மேல். ஸ்ரியரிங்குக்குக் கீழே உள்ள, எஞ்சின் கணினியின் தகவல்களை வாசிப்பதற்கான ஓ.பி.டி. சொக்கற்றில் செருகும் சிறிய புளூருத் வாசிப்பானை வாங்கி, உங்கள் கார் ஒயில் வெப்பநிலையை வெளியிடுமானால் கைபேசியில் பார்க்கலாம். வெளியிடாத கார்களுக்கு ஒயில் பில்டரின் அடியில் சென்சரோடு மீற்றர் ஒன்றைப் பூட்ட வேண்டும். என்னுடைய காரில் நகருக்குள் 90 முதல் 95 வரையும், ஏசியைப் போட்டுக்கொண்டு ஏ9 வீதியால் வவுனியாவுக்குப் போகும்போது நூறைத் தொட்டும் தொடாமலும் நின்றது. கட்டுக்குருந்தப் பந்தயப் பாதையில் ஒரு நாள் ஓட்டியபோது, ஐந்தாவது சுற்றிலேயே 120 ஐத் தாண்டியது. இரண்டும் ஒரே கார், ஒரே நாட்டின் ஒரே வெயில்.

நான் பின்பற்றும் அளவுகோல் இதுதான்: சாதாரண ஓட்டத்தில் ஒயில் 110 பாகைக்குள் நிற்குமானால் கையேடு முதலாவதாகச் சொல்லும் தரமே போதும். மலைநாட்டு ஏற்றங்களிலோ பந்தயப் பாதையிலோ 120 ஐ அடிக்கடி தாண்டுமானால், கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் ஒரு படி மாத்திரம் ஏறலாம். அதாவது 20 இலிருந்து 30 க்கு, அல்லது 30 இலிருந்து 40 க்கு. 130 ஐத் தாண்டி நிற்குமானால் அது ஒயிலால் தீரும் பிரச்சினையல்ல; ஒயில் கூலர் பூட்ட வேண்டும். ஒரே பாய்ச்சலாக 20 இலிருந்து 50 க்குப் போவது, வேண்டாத தடிப்பைப் பம்ப் தள்ளுவதற்கே எஞ்சினின் வலுவைச் செலவழிப்பதாகும். மாறும் வால்வு நேரத்தை ஒயில் அழுத்தத்தால் இயக்கும் இன்றைய எஞ்சின்களில் அந்த இயக்கமும் மந்தமாகும்.

நான்காம் படி: கானின் பின்பக்கம்

அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் ஏ.பி.ஐ. தரச்சான்று, வட்ட வடிவமான ஒரு முத்திரையில் இருக்கும். பெற்றோல் எஞ்சினுக்குரியவை எஸ் எழுத்தில் தொடங்குகின்றன: எஸ்.எல். 2001 இலும், எஸ்.எம். 2004 இலும், எஸ்.என். 2010 இலும், எஸ்.பி. 2020 இலும், எஸ்.கியூ. 2025 இலும் வந்தன. பின்னர் வந்தது முன்னையதன் இடத்தை நிரப்பும் என்பதால், எஸ்.என். கேட்கும் காருக்கு எஸ்.பி. ஊற்றலாம், மறுவளமாகச் செய்யக்கூடாது.

நேரடி எரிபொருள் செலுத்தலும் டர்போவும் உள்ள காராயின் எஸ்.பி.க்குக் குறைந்த எதையும் தொடாதீர்கள். இத்தகைய எஞ்சின்களில், குறைந்த சுற்றில் கூடிய சுமை விழும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்னரே கலவை தானாகத் தீப்பற்றும் ஒரு கோளாறு உண்டு. ஒரே அடியில் பிஸ்ரனை உடைக்கக்கூடியது அது. சிலிண்டர் சுவரிலிருந்து பிரியும் ஒயிற் துளிகளும், ஒயிலில் உள்ள கல்சியம் சார்ந்த கழுவு சேர்மானமும் அதைத் தூண்டுகின்றன என்று கண்டறியப்பட்டபின், கல்சியத்தின் ஒரு பகுதியை மக்னீசியத்தால் மாற்றி ஒயில்கள் செய்யப்பட்டன. எஸ்.பி. தரம் இதற்கென்றே ஒரு சோதனையை வைத்திருக்கிறது. ஓட்டுநரின் பங்கும் இதில் உண்டு: ஐந்தாவது கியரில் 1,500 சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது அக்சிலேற்றரை அடிவரை மிதிக்காமல், ஒரு கியர் இறக்கிவிட்டு மிதியுங்கள்.

ஐரோப்பியக் கார்களுக்கு, ஐரோப்பிய வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் ஏ.சி.ஈ.ஏ. தரங்கள் முக்கியம். ஏ3/பி4, சி3 ஆகிய இரண்டிலும் எச்.ரி.எச்.எஸ். ஆகக் குறைந்தது 3.5 இருக்கும், ஆனால் சி வகை ஒயில்கள் கற்றலிற்றிக் கொன்வேட்டரையும் துகள் வடிகட்டியையும் காப்பதற்காகச் சாம்பல் குறைவாகச் செய்யப்பட்டவை. இதற்கும் மேலே நிறுவனங்களின் சொந்த அனுமதிகள் உள்ளன: போர்ஷேயின் ஏ40, மெர்சிடிஸின் 229.5, பி.எம்.டபிள்யூவின் லோங்லைப்-01 என்பன போல. "அனுமதி பெற்றது" என்று எழுதியிருப்பதும் "பொருத்தமானது" என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல. முதலாவதில் கார் நிறுவனம் சோதித்துக் கையெழுத்திட்டிருக்கிறது; இரண்டாவதில் ஒயில் நிறுவனம் தன்னைத்தானே மெச்சிக்கொள்கிறது.

மோட்டார் சைக்கிளுக்கான ஜாசோ எம்.ஏ. என்ற ஜப்பானியத் தர ஒயிலில் மிச்சம் இருக்கிறதென்று காருக்குள் ஊற்ற வேண்டாம். ஒயிலுக்குள் மூழ்கி இயங்கும் ஈரக் கிளச் வழுக்காமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டது அது.

ஐந்தாம் படி: "முழுச் சிந்தெற்றிக்" என்ற சொல்லுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது

அடிப்படை எண்ணெய்கள் ஐந்து பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. முதலிரண்டும் நிலத்திலிருந்து எடுக்கும் மசகெண்ணெயிலிருந்து (கச்சா எண்ணெய்) சுத்திகரித்தவை. மூன்றாவது, அதே மூலத்தை உயர் அழுத்தத்தில் ஐதரசனோடு வினைப்படுத்தி மூலக்கூறுகளை ஒழுங்குபடுத்தியது. நான்காவது, பி.ஏ.ஓ. எனப்படும், சிறிய மூலக்கூறுகளை இணைத்து ஆலையில் கட்டியெழுப்பியது. எஸ்ரர் முதலியவை ஐந்தாவதில் அடங்கும். மூன்றாம் பிரிவு எண்ணெயைச் சிந்தெற்றிக் என்று விற்கலாமா என்ற பிணக்கில், 1999 இல் அமெரிக்க விளம்பரத்துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு விற்கலாம் என்று முடிவு கூறியது. அன்றிலிருந்து அந்தச் சொல் பல சந்தைகளில் ஒரு விற்பனைச் சொல்லாகிவிட்டது.

இதனால் மூன்றாம் பிரிவு ஒயில் தரமற்றதாகிவிடாது. எங்கள் வீதியில் ஓடும் காருக்கு, சரியான சான்று பெற்ற மூன்றாம் பிரிவு ஒயிலை உரிய காலத்தில் மாற்றுவது, விலை கூடிய எஸ்ரர் ஒயிலை விட்டுவிட்டு "நல்ல ஒயில்தானே" என்று இரண்டு வருடம் ஓடுவதைவிட எத்தனையோ மடங்கு மேல். எஸ்ரரும் பி.ஏ.ஓ.வும் தங்கள் விலைக்கு நியாயம் செய்வது பந்தயப் பாதையின் சூட்டில்தான்.

சில கார்களின் தனி வழக்கு

நிசான் ஜி.ரி.-ஆர். ஆர்35 ஆலையிலிருந்து 0டபிள்யூ-40 ஒயிலோடு வெளிவந்தது. ஈ46 எம்3, ஈ92 எம்3 போன்ற உயர்சுற்று பி.எம்.டபிள்யூ எம் எஞ்சின்கள் 10டபிள்யூ-60 கேட்டன. இந்த 10டபிள்யூ-60 ஐத்தான் "றேசிங் ஒயில்" என்ற பெயரில் எல்லாக் கார்களுக்கும் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு அகன்ற இடைவெளியைப் பிடிக்க ஒயிலுக்குள் நீண்ட பொலிமர்ச் சங்கிலிகள் நிறையச் சேர்க்கப்பட வேண்டும். ஓட ஓட அந்தச் சங்கிலிகள் அறுந்து பிசுக்குமை இறங்கும். கேட்காத எஞ்சினுக்கு அதைக் கொடுப்பதில் நட்டமே மிஞ்சும்.

மஸ்டா ஆர்.எக்ஸ்.-8 தனிப் பிறவி. அதன் றோட்டரி எஞ்சினில், முனைச் சீல்களுக்கு உராய்வு நீக்குவதற்காக ஒயிலின் ஒரு சிறு பகுதி எரியறைக்குள்ளேயே செலுத்தப்படுகிறது. ஆகவே ஒயில் குறைவது அங்கே கோளாறல்ல, அமைப்பு. அதற்கு விலை கூடிய ஒயில் தேடுவதைவிட, இரண்டு தடவை பெற்றோல் அடித்தால் ஒரு தடவை ஒயில் மட்டம் காட்டும் டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பார்ப்பதே பெரிய பாதுகாப்பு. ஒஸ்ரின், எம்.ஜி. போன்ற பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு என்னுடைய அண்ணையின் 20டபிள்யூ-50 இன்றும் சரியான விடைதான்.

ஆறாம் படி: வாங்குதல்

ஒருமுறை நான் வழமைக்குக் குறைந்த விலையில் நான்கு லீற்றர் 5டபிள்யூ-30 கான் ஒன்றை வாங்கினேன். மூடியைத் திருகியபோது, முறிய வேண்டிய வளையம் சத்தமில்லாமல் கழன்று வந்தது. கானின் அடியில் அச்சிட்ட தொகுதி எண்ணை நகத்தால் சுரண்டியபோது எழுத்து உரிந்தது. சந்தேகத்தோடு ஒரு சிறிய கண்ணாடிப் போத்தலில் அதையும், இன்னொன்றில் நம்பிக்கையான இடத்தில் வாங்கிய 5டபிள்யூ-30 ஐயும் விட்டு, ஒரு இரவு முழுவதும் ஐஸ் பெட்டியின் மேல்தட்டில் மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் இரண்டையும் சரித்துப் பார்த்தால், நல்லது தேன்போல வழிந்தது. மற்றது உறைந்த நெய்யைப் போல அசையாமல் நின்றது. 5டபிள்யூ என்று எழுதிய ஒயில் மறை 18 பாகையில் அப்படி நிற்க முடியாது. அம்மாவிடம் வாங்கிய பேச்சு தனிக்கதை.

இந்தச் சோதனை அப்பட்டமான போலியை மட்டும் காட்டிக்கொடுக்கும். போத்தல் வழிந்ததால் உள்ளே உள்ள சேர்மானங்கள் சரியானவை என்று ஆகிவிடாது. எனவே முகவரிடம் நேரடியாக, அல்லது முகவர் பெயரைச் சொல்லக்கூடிய கடையில், கடை முத்திரையும் தொகுதி எண்ணும் எழுதிய பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். இலங்கையில் உராய்வுநீக்கி எண்ணெய்ச் சந்தையை மேற்பார்வை செய்யும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, அனுமதி பெற்ற நிறுவனங்களின் பெயர்களை வெளியிடுகிறது. கானில் உள்ள இறக்குமதியாளர் அதில் இருக்கிறாரா என்று பார்க்கலாம். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்.

ஏழாம் படி: மாற்றுதலும் கண்காணித்தலும்

ஜப்பானில் டொயோட்டா, டர்போ இல்லாத பெற்றோல் கார்களுக்குப் பொதுவாக 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம் என்றும், டர்போ கார்களுக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம் என்றும் சொல்கிறது. கடும் பாவனையாயின் முதலாவதைப் பாதியாக்க வேண்டும். கடும் பாவனை என்றவுடன் பந்தயம் நினைவுக்கு வரும். கையேட்டில் குறுகிய தூர ஓட்டமும் புழுதி வீதியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஒயில் சூடேற முன்னரே நிற்பாட்டப்படும் காரில், எரிதலில் உண்டாகும் நீராவியும் எரியாத பெற்றோலும் எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் சம்புக்குள் தங்கிவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை மாத்திரம் வெளியே எடுத்து நல்லூர் வரை போய்வரும் ஸ்போர்ட்ஸ் கார், நாள்தோறும் கொழும்புக்கு ஓடும் வானைவிட ஒயிலை மோசமாக நடத்துகிறது. ஆகவே ஓடிய தூரம் குறைவென்றாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் மாற்றிவிடுகிறேன்.

இந்தக் கலப்படம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடையின்போது, சிறிதளவு பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய காலத்தில், எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்கைத் தாண்டி இறங்கி, டிப்ஸ்ரிக்கில் ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியதைப் பழைய மெக்கானிக்குகள் இன்றும் சொல்வார்கள். நேரடிச் செலுத்தல் எஞ்சினிலும், அளவிற் குறைவாக, அதுவேதான் பெற்றோலால் நடக்கிறது. மட்டம் கூடியிருந்து, டிப்ஸ்ரிக்கை மணந்து பார்க்கும்போது பெற்றோல் மணம் அடித்தால், அந்த ஒயிலின் காலம் முடிந்துவிட்டது.

மாற்றும்போது எஞ்சின் இளஞ்சூடாக இருக்க வேண்டும். காரை ஜக்கில் மட்டும் நிறுத்திவிட்டுக் கீழே போகக்கூடாது. ஸ்ராண்ட் வைத்தேயாக வேண்டும். ட்ரெயின் நட்டின் வோஷரைப் புதிதாகப் போடுங்கள். புதிய பில்டரின் றப்பர் வளையத்தில் ஒரு துளி ஒயில் பூசிக் கையால் இறுக்குங்கள். பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க மறக்க வேண்டாம், இரண்டு வளையம் சேர்ந்தால் ஒயில் முழுவதும் வீதியில் போய்விடும். 86 இல் பில்டர் எஞ்சினின் மேற்பக்கத்தில் இருப்பதால், கழற்றும்போது சுற்றிலும் துணி வைக்காவிட்டால் ஒயில் வழிந்து எக்சோஸ்ற் பக்கம் போய்ப் புகையும். கையேடு சொல்லும் அளவுக்கு அரை லீற்றர் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து மட்டம் பார்த்து, மிச்சத்தைச் சிறிது சிறிதாக விடுங்கள். மேற்கோட்டைத் தாண்டினால் சுழலும் கிராங் ஒயிலை அடித்து நுரையாக்கும். நுரைக்குப் பெயரிங்கைத் தாங்கும் வலு இல்லை.

கழிவொயிலை வளவுக்குள்ளோ வேலியோரத்திலோ ஊற்ற வேண்டாம். குடாநாட்டின் நல்ல தண்ணீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள்தான் தேங்கி நிற்கிறது. மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போய்ச்சேர அதிக காலம் எடுக்காது. சுன்னாகத்தில் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019 இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததே. பழைய ஒயிலைப் புதிய ஒயில் வந்த கானிலேயே ஊற்றி மூடி, கழிவொயில் சேகரிக்கும் கராஜில் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போது கானை மட்டும் திருப்பி வாங்கி, கத்தியால் நடுவே ஒரு கீறல் போட்டுவிட்டு எறியுங்கள். முழுதாகக் கிடைக்கும் நல்ல கானும் மூடியும் போலி ஒயில் நிரப்புபவர்களுக்குக் காசு.